கதிரேசன் விற்ற மாடு

வாரத்தில் ஆறு நாள் சாயங்காலம் நான் டிவியில் என் மனைவியை அழவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. இதற்குச் சம்பளமும் தருகிறார்கள். அந்த மனைவி பெயர் தேன்மொழி. நிஜத்தில் அவர் மௌனிகா. சென்னையிலிருந்து பெட்டியோடு வந்து பொள்ளாச்சி லாட்ஜில் தங்கி, கிளிசரின் போட்டு அழுதுவிட்டுப் போகிறவர். என் சொந்த மனைவி வனிதா. அவளுக்கு அழவெல்லாம் நேரம் கிடையாது. கட்டுத்தரையில் மாடுகள் நிற்கின்றன.

என் பெயர் சிவப்பிரகாஷ். மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆவாரம்பதி என்ற ஊரில் தென்னையும் மாடுமாக விவசாயம். ஊர் கேரளத்தில் இருக்கிறது, பேச்சு கோயமுத்தூரில் இருக்கிறது, ஷூட்டிங் எல்லைக்கு அந்தப்பக்கம் நடக்கிறது. சீரியல்காரர்கள் முதலில் தோப்பை வாடகைக்குக் கேட்டுத்தான் வந்தார்கள். ஹீரோவாக நடிக்க வேண்டிய பையன் சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டானாம். வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து டைரக்டர், "இந்த முகத்துல ஒரு குற்ற உணர்ச்சி இருக்கு, விடாதீங்க" என்றார். அன்று மோட்டார் போடச் சொல்லி வனிதா மூன்று தடவை சொல்லியும் மறந்துபோயிருந்தேன். அந்த முகம்தான் அது. அதை வைத்தே இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

டிவியில் நான் கதிரேசன். தங்கமானவன். தேன்மொழி மேல் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் அவன் எந்த நல்லது செய்தாலும் அது அவள் தலையில்தான் வந்து விடியும். அவள் கொஞ்சம் தூங்கட்டும் என்று போனை அணைத்து வைப்பான். அன்றைக்குப் பார்த்துத்தான் அவளுக்கு வேலை கிடைத்த போன் வரும். சரி, சமாதானப்படுத்துவோம் என்று சேலை வாங்கிவருவான். அது அவள் தங்கையை வேண்டாமென்று சொன்ன மாப்பிள்ளையின் கடைச் சேலையாக இருக்கும். "வில்லன் அழவெச்சா ரெண்டு வாரம் பார்ப்பாங்க. நல்லவன் அழவெச்சா ரெண்டு வருஷம் பார்ப்பாங்க" என்பது டைரக்டரின் கொள்கை. எனக்கு அது சிரிப்பாக இருந்தது. நான் அப்படிப்பட்ட ஆளா என்ன?

இனி வனிதாவின் விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் எங்கள் மாடு ஒன்று கன்று போட்ட கையோடு கீழே விழுந்தது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டுப் போட்டு வனிதாவின் விரல் தேய்ந்தது. டாக்டர் வந்து சேர்ந்தபோது மாட்டின் கண் நிலைகுத்திவிட்டது. அதன் தலையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தவள், சேலையை உதறிக்கொண்டு எழுந்து சொன்னாள்: "சொசைட்டிக்கு இத்தன வருசமா பால் ஊத்தறோம், வாரத்துக்கு ஒருக்கா ஒரு டாக்டரக் கூட்டியார முடியாதா? நான் எலெக்சன்ல நிக்கறனுங்க."

சொசைட்டி என்றால் ஆவாரம்பதி க்ஷீர சங்கம். எங்கள் ஊர்ப் பால் முழுக்க அங்கேதான் போகிறது. அதற்குத் தலைவர் காளிச்சாமியண்ணன். எனக்கு மீசை முளைப்பதற்கு முன்னாலிருந்தே அவர்தான். ஒவ்வொரு தடவையும் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுவார். ஏகமனதுக்குச் சொந்தமான அந்த ஒரு மனது அவருடையது. வனிதா நாமினேஷன் கொடுத்த அன்று அவர் என்னைத் தோப்புவரை தேடிவந்து, தென்னை மரத்தில் கை வைத்துக்கொண்டு வருத்தப்பட்டார். "தம்பி, நான் சனநாயகத்துக்கு விரோதி கெடயாது. எலெக்சனுக்குத்தான் விரோதி. ஒருத்தரே நின்னா ஊரு ஒத்துமையா இருக்கும் பாரு. ரெண்டு பேரு நின்னா ஊரு ரெண்டாயிரும். ஊரு மேல எனக்கிருக்கற அக்கற உன்ற ஊட்டுக்காரிக்கு இல்லையேன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்குது."

வனிதா அதற்கெல்லாம் அசரவில்லை. மாடுகளுக்குத் தீனி போட்டுவிட்டு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டாள். நான் என்ன உதவி செய்தேன்? நினைத்தால் எனக்கே என் முகத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. நான் ஒரு நல்லது செய்தேன்.

அந்த வாரம் சீரியலில் கதிரேசன், தேன்மொழி குளிரில் எழுந்து பால் கறந்து கஷ்டப்படுவதைப் பொறுக்க முடியாமல், அவள் கன்றிலிருந்து வளர்த்த மாட்டை அவளுக்குத் தெரியாமல் விற்றுவிடுகிறான். கம்பெனி பிடித்துவந்த வாடகை மாடு லைட்டைப் பார்த்து மிரண்டு, மேக்கப் பெட்டியை மிதித்துவிட்டு ஓடியது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எனக்கு அந்த நொடியில் ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. வீட்டில் பவுனு இருக்கிறாள். செத்த மாட்டுக்குப் பதிலாக வனிதா பெயரில் சொசைட்டி மானியத்தில் வாங்கிய மாடு. காதில் மஞ்சள் டேக்கோடு லட்சணமாக நிற்பாள். பவுனு டிவியில் வந்தால் ஊரே பேசும், வனிதாவுக்கு ஓட்டு கொட்டும். அவளிடம் சொல்லவில்லை. டிவியில் பார்த்து அசந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் ஓட்டுக் கேட்கப் போயிருந்த நேரத்தில் பவுனுவை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய், நடிக்கவைத்து, சாயங்காலப் பாலுக்கு முன்னால் கொண்டுவந்து கட்டிவிட்டேன்.

மாட்டு வியாபாரியாக நடிக்க ஆள் தேடினார்கள். நம் நல்லமுத்துவையே கூட்டிப்போனேன். அவன் நிஜமாகவே மாட்டு வியாபாரி. இரண்டு பேரும் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல் பிடித்து விலை பேசினோம். மாட்டை ஒப்படைக்கும்போது டைரக்டர் கயிற்றோடு கொடுக்கச் சொன்னார். எனக்குக் கை வரவில்லை. எங்கள் பக்கம் மாடு விற்றால் பழைய கயிற்றைக் கொடுப்பதில்லை. கயிற்றோடு போனால் கட்டுத்தரை லட்சுமியும் கூடவே போய்விடுவாள். வாங்குகிறவன்தான் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். என்னையறியாமலே எங்கள் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, நல்லமுத்துவின் கயிற்றைப் பவுனுவுக்குக் கட்டினேன். டைரக்டர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதுதான் சார் நடிப்பு!"

அது ஒளிபரப்பான மறுநாள் வெடியாலே, விடிந்தும் விடியாமல், சொசைட்டியில் பால் ஊற்றப் போனேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் கேனை ஒரு எட்டுத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். பழனாத்தாக்கா மட்டும் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனப்பா, நீயெல்லாம் ஒரு மனுசனா? அந்தப் புள்ள மாட்டக் காணாம கட்டுத்தரைல உளுந்து பெரண்டு அழுவுது, நீ பொட்டாட்டக் கையக் கட்டிட்டு நிக்கறே!"

"அக்கா, அது கதிரேசனுங்க்கா. பவுனு ஊட்டுலதான் நிக்கறா."

"ஆருகிட்டக் கத உடறே? நான்தான் என்ற கண்ணால பாத்தேனே."

அவர் அதோடு விடவில்லை. மத்தியானம் ஒரு தூக்குப் போசியில் குழம்பு ஊற்றிக்கொண்டு வனிதாவைத் தேடி வந்தார். "கண்ணு, மனசுல வெச்சுக் குமையாத. எங்ககிட்டச் சொல்லி அழுதுரு" என்றார். வனிதா அவரைக் கட்டுத்தரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பவுனுவைக் காட்டினாள். பழனாத்தாக்கா மாட்டைப் பார்த்தார், வனிதாவைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "புருசனக் காப்பாத்தோணும்னு அதே சாடைல வேறொரு மாட்டக் கொண்டாந்து கட்டிருக்கயே, நீ நல்லாருக்கோணும் சாமி" என்று அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அக்கா போனதும் வனிதா என் பக்கம் திரும்பினாள். "பவுன ஷூட்டிங்குக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"உனக்கு ஓட்டு உளுகட்டும்னுதான் புள்ள..."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லிருப்பனுங்க" என்றாள். அவ்வளவுதான். அதைத் திட்டு என்றுகூடச் சொல்ல முடியாது.

அடுத்த நாள் சொசைட்டி செக்ரட்டரி சூசையப்பன் அறியிப்பு என்று ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். அவர் தமிழ்க்காரர்தான், ஆனால் ஆபீஸ் காரியம் பேசும்போது வாயில் மலையாள வார்த்தைகள்தான் வந்து விழும். தமிழில் சொன்னால் சட்டம் கேட்காது என்று ஒரு பயம். மானியத்தில் வாங்கிய மாட்டை மூன்று வருஷத்துக்குள் விற்றால் அந்த அங்கம், அதாவது மெம்பர், தேர்தலில் நிற்கக் கூடாது, ஆகவே வனிதாவின் நாமினேஷனை ஏன் தள்ளக் கூடாது என்று கேட்டிருந்தது. ஆதாரமாக டிவியிலிருந்து பிடித்த படம். பவுனு காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் டேக் நம்பர் கண்ணாடிபோலத் தெரிந்தது. இந்தப் பாழாய்ப்போன காமிராவுக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு?

அன்று சாயங்காலமே பரிசோதனைக்கு வந்தார்கள். காளிச்சாமியண்ணன், சூசையப்பன், இரண்டு கமிட்டி மெம்பர்கள். கட்டுத்தரையில் பவுனு அசைபோட்டுக்கொண்டு நின்றாள்.

"மாடு நிக்குதுங்களே" என்றேன்.

"நிக்குது" என்று ஒப்புக்கொண்டார் சூசையப்பன். "ஆனா ரெக்கார்டுல, ரேகைப்படி நிக்கலீங்க."

"டேக்கப் பாத்துக்குங்க, அதே மாடு."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காதைப் பிடித்து ஒத்துப்பார்த்தார். முகம் மலர்ந்தது. "டிவியில வித்த மாடு இதுதான்னு இப்ப உறுதியாச்சு. நல்ல தெளிவு."

"அது நடிப்புங்க!" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

காளிச்சாமியண்ணன் என் தோளில் கை போட்டார். "நானும் அப்படித்தான் தம்பி மொதல்ல நெனச்சேன். நடிப்பா இருக்கும், பாவம், உட்ருவோம்னு. அப்பறம் கயித்தப் பாத்தேன். நடிக்கறவனுக்குக் கயிறு எதுக்கு? மாட்டோட குடுத்துட்டு வரவேண்டியதுதானே? நீ உன்ற ஊட்டுக் கயித்த அவுத்துத் தோள்ல போட்டே பாரு, அங்கதான் மாட்டிக்கிட்டே. நெசமா விக்கறவனுக்குத்தான் கயித்து மேல அக்கற."

கமிட்டி மெம்பர்கள் தலையாட்டினார்கள். வெட்கக்கேடு, நானும் பாதி தலையாட்டிவிட்டேன். அத்தனை நியாயமாக இருந்தது.

"துண்டுக்குள்ள என்ன வெல பேசுனேன்னு உன்னயும் நல்லமுத்துவையும் தவுத்து ஆருக்குத் தெரியும்?" என்று முடித்தார்.

நல்லமுத்துவை வரவழைத்தோம். டிவியில் வந்த பிறகு அவன் நடையே மாறியிருந்தது, கூலிங்கிளாஸ் வேறு. "நான் வாங்கலீங்க" என்றான். அப்பாடா என்றிருந்தது.

"வாங்காதவன் எதுக்குடா மாட்ட ஓட்டிட்டுப் போனே?" என்றார் காளிச்சாமியண்ணன்.

நல்லமுத்து யோசித்தான். "ஓட்டிட்டுப் போனது நாந்தானுங்க. அதப் போய் இல்லைன்னு எப்படிங்க சொல்றது? ஊரே பாத்திருக்குது."

சூசையப்பன் எழுதிக்கொண்டார். இதையெல்லாம் வனிதா தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏனுங்ணா, இந்தப் பரிசோதனைக்கு இத்தன பேரு இத்தன சுருக்கா வந்தீங்களே, அன்னைக்கு மாடு உளுந்து கெடந்தப்ப ஒருத்தராச்சும் வந்தீங்களா?"

"அதுக்கு அபேட்ச எழுதிக் குடுக்கோணும்மா" என்றார் சூசையப்பன் மிகுந்த மரியாதையோடு. "மாடு உளுகறதுக்கு முன்னாடி."

வேறு வழி தெரியாமல் சேனல்காரர்களிடம் ஓடினேன். கதைக்குப் பொறுப்பு பத்மப்ரியா மேடம்; கல்பாத்தி அக்ரகாரத்துக் குடும்பம், சென்னையில் வேலை, ஷூட்டிங் பார்க்க வந்திருந்தார். கதிரேசன் மாட்டைத் திருப்பி வாங்குவதாக ஒரே ஒரு சீன் வையுங்கள், சொசைட்டியில் காட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன்.

"மாடு திரும்பி வந்துடுத்துன்னா தேன்மொழி சிரிச்சுடுவா சார்" என்றார் அவர், டாக்டர் நோயாளியிடம் பேசுவதுபோல. "அவ சிரிச்சா பாக்கறவா ரிமோட்டை எடுத்துடுவா. நம்ம சீரியல் குடும்பங்களைச் சேத்து வெக்கறது சார். எல்லாரும் ஒண்ணா உக்காந்து அழறா. நீங்க அதைக் கலைக்கப் பாக்கறேள்."

"என் சம்சாரத்தோட எலெக்சன் போயிரும் மேடம்."

அவர் கண்ணில் நிஜமான கருணை தெரிந்தது. "என்ன அழகான சிச்சுவேஷன்! அடுத்த மாசம் தேன்மொழியை எலெக்ஷன்ல நிக்க வெச்சுடலாம். மாடு வேணும்னா ஒரு சீன்ல வரட்டும். ஆனா செத்துப்போய்த்தான் வரணும்."

பவுனுவைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சம்பளப் பாக்கியைக்கூடக் கேட்காமல் பஸ் ஏறினேன்.

பொதுக்குழு ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி ஷெட்டில் கூடியது. எப்போதும் டீக்காக வருகிற கூட்டம் அன்று சீரியலுக்காக வந்திருந்தது. சூசையப்பன் எழுந்து, டிவியில் மாடு விற்கப்பட்டது தெளிந்திருப்பதால் அங்கம் வனிதாவின் நாமினேஷன் தள்ளப்படுகிறது என்று வாசித்தார்.

வனிதா எழுந்தாள். "மாடு என்ற கட்டுத்தரைல நிக்குதுங்க. ஆரு வேணும்னாலும் வந்து பாத்துக்கலாம். இன்னைக்கு வெடியால அது கறந்த பாலத்தான் நீங்க எல்லாரும் இப்ப டீயில குடிக்கறீங்க. எனக்குத் தலைவர் பதவி மேல ஆச கெடயாது. டாக்டர் வாரத்துக்கு ஒருக்கா வரோணும். அதுக்குத்தான் நிக்கறேன்." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. டீக் கிளாஸைப் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேர் தலையைக்கூட ஆட்டினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் எல்லோரும் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, தெரியாது. ஏனென்றால் நான் சும்மா இருக்கவில்லை.

எழுந்துவிட்டேன். என் பெண்டாட்டிக்காகப் பேசப் போகிறேன், யார் தடுப்பது?

"தப்பு என்மேலதானுங்க" என்று ஆரம்பித்தேன். ஷெட் அமைதியானது. அந்த அமைதி எனக்குப் பழக்கமான அமைதி. என் தலை தானாக இடது பக்கம் திரும்பியது. அங்கேதான் காமிரா இருக்கும். அங்கே பால் கேன்கள்தான் இருந்தன. பரவாயில்லை என்று கேன்களைப் பார்த்தே பேசினேன். "அவ நல்லா இருக்கோணும்னுதான் எல்லாஞ் செஞ்சேன். அவளக் கேக்காமச் செஞ்சேன். நான் தொட்டதெல்லாம் அவளுக்கு முள்ளாப் போச்சு. தண்டன குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க. அவள ஒண்ணும் பண்ணிராதீங்க." கண்ணில் நீர் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கிளிசரின் இல்லாமல் வந்தது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

பழனாத்தாக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார். பின்வரிசையில் ஆண்கள் மூக்கைச் சிந்தினார்கள். யாரோ ஒரு பெண், "போதும் சாமி, எந்திரிச்சுக்க" என்றார். அப்போதுதான் நான் மண்டி போட்டிருந்ததே எனக்குத் தெரிந்தது.

காளிச்சாமியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். இத்தனை வருஷம் கூட்டத்தைப் படித்த மனுஷர். "பாத்தீங்களா எப்பேர்ப்பட்ட மனசு! தப்ப ஒத்துக்கறவன்தான் தலைவன். எனக்கும் வயசாச்சு. இந்தத் தடவ நான் நிக்கல. தம்பி சிவப்பிரகாஷ் தலைவரா இருக்கட்டும். ஷூட்டிங்குக்குப் போற ஆளு, நேரமிருக்காது. அதனால துணைத் தலைவரா இருந்து கையெழுத்து, சாவி, செக்குப் புக்கு, இந்தச் சில்லறத் தொந்தரவயெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"அவரு எப்படிங்க நிக்கறது? மாடு வித்த கேசு இருக்குதே" என்று ஒரு குரல் கேட்டது.

சூசையப்பன் எழுந்தார். "மாடு வனிதா பேர்ல. வித்தது கதிரேசன். சிவப்பிரகாஷ் மேல ரேகையில ஒரு குத்தமும் இல்லீங்க. அவரு வேற ஆளு."

கைதட்டல் ஷெட்டின் தகரத்தை அதிரவைத்தது. எல்லோரும் கை தூக்கினார்கள். ஒருத்தி தூக்கவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? அவள் கேட்டது டாக்டர்தானே, நான் தலைவரானால் முதல் வாரமே கொண்டுவந்துவிடலாம்; அவளுக்கு எதற்கு வெயிலில் அலைச்சல், வாய்ச்சண்டை? கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும். இப்படி நினைத்துத்தான், சாமி சத்தியமாக இப்படி நினைத்துத்தான், கையெடுத்துக் கும்பிட்டு, "உங்க ஆசைய நான் எப்படித் தட்டறது?" என்று சொன்னேன்.

யாரோ மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். தேடியபோது வனிதா ஷெட்டில் இல்லை.

வீட்டுக்குப் போனபோது அவள் பவுனுவிடம் சாயங்காலப் பால் கறந்துகொண்டிருந்தாள். மாலையைக் கழற்ற எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"வாரத்துக்கு ஒருக்கா என்ன புள்ள, ரெண்டு வாட்டி வரச் சொல்றேன் டாக்டர. நீ இனி ஒண்ணுக்கும் அலைய வேண்டாம். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவள் நிமிரவில்லை. கறந்து முடித்து, மடியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, பாலை மூடி வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். முகத்தில் கோபம் இருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அது இல்லை. வெளியூரில் விலாசம் கேட்டவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கதிரேசனுக்காச்சும் இப்படிப் பண்ணு, இப்படிப் பேசுன்னு எழுதிக் குடுக்க ஆளிருக்குது. இன்னைக்கு உங்களுக்கு ஆருங்க எழுதிக் குடுத்தாங்க?"

கேட்டுவிட்டு உள்ளே போய்விடவில்லை. பதில் வரும் என்று நின்றாள்.